முதலில் நேரத்துக்குப் பணம் கொடுங்கள்

ஆய்வுக்கு நிதி வழங்குவோருக்கு ஒரு வார்த்தை: புற்றுநோய் ஆய்வில் இறங்கும் மருத்துவர்களுக்கு ஆய்வுக் கருவியைவிட முதலில் தேவைப்படுவது நேரம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கே08 விருது (ஆய்வில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கான நிதியுதவி), பொதுவாகப் பணிநேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்கிறது. காகிதத்தில் சரிதான். ஆனால் திசு மாதிரியை உறையவைக்கும் நேரம் பார்த்து வார்டிலிருந்து போன் வரும். பார்க்க வேறு டாக்டர் இல்லை என்றால் போய்த்தானே ஆகவேண்டும்? திரும்பி வருவதற்குள் ஆர்.என்.ஏ. (செல்லின் மரபுத் தகவலைச் சுமக்கும் மூலக்கூறு) சிதைந்திருக்கலாம், மாதிரி வீணாகலாம்.

அதனால் ஆய்வுக்கு நேரம் தருவோம் என்ற துறைத்தலைவரின் உறுதிக்கடிதத்தோடு நிற்காதீர்கள். டியூட்டி பட்டியலையே கேட்டு வாங்குங்கள். மாற்று மருத்துவரின் சம்பளத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள், பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பேறுகால விடுப்பு எடுத்தவருக்கு அத்தனை மாதமும் நிதிக்காலத்தில் நீட்டிப்பு வேண்டும். அடுத்த நிதிக்கான விண்ணப்பத்தைக் கடைசி ஆண்டுக்கு முன்பே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கே பல மாதம் ஓடிவிடும்.