கயிறும் போனும்: பள்ளத்தூர் நாட்குறிப்பு

ஜூன் 11, 2025, புதன்

"அடி, அடி, தலையில அடி!"

முகப்பிலிருந்து வந்த இந்தக் கத்தலைக் கேட்டு, இரண்டாங்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆத்தா முறத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். பார்த்தால், சொக்கு ஆத்தங்குடிக் கல் தரையில் மல்லாந்து கிடக்கிறான். காதில் ஹெட்செட், கையில் போன். ஃப்ரீ ஃபயர் என்கிற சுடுகிற விளையாட்டு.

"யாரைடா அடிக்கச் சொல்றே?"

"எனிமியை, அப்பத்தா."

"அவன் யாரு வீட்டுப் பிள்ளை?"

சொக்கு என்னைப் பார்த்தான். நான் மேலே உத்தரத்தைப் பார்த்தேன். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து மகனை எங்களிடம் விட்டுப் போய் ஒரு வருசம் ஆகிறது. ஒன்பதாவது படிக்கிறான். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் இன்று சண்டை. குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம், பத்தாவது பையன்கள் இரண்டு பேர். ஒருத்தனுக்கு உதடு கிழிந்து தையல், இன்னொருத்தனுக்குச் சட்டைப்பை கிழிந்தது. மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்பே தலைமையாசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எல்லாம் இந்த கேம் பண்ற வேலை டீச்சர்." அடுத்த வெள்ளி பெற்றோர் கூட்டமாம். போன் விளையாட்டும் வன்முறையும் பற்றி நான் பத்து நிமிசம் பேச வேண்டுமாம். கணக்கு டீச்சர்தான் நான், ஆனால் எதையும் தேடிப் படித்துவிட்டு வருவேன் என்று ஒரு பெயர் இருக்கிறது.

உதட்டில் துணியை அழுத்திப் பிடித்தது நான்தான். அவன் மணிக்கட்டில் புதிதாகச் சிராய்ப்பு, கயிறு ஒன்றை இழுத்து அறுத்த தடம். கயிறு குழாயடிச் சேற்றில் கிடந்தது, இரண்டு நிறம். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து படிப்பு. இந்தப் பயம் சொக்குவைவிட வயதில் மூத்தது. 'மார்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டின் ரத்தத்தைப் பார்த்துப் பதறி அமெரிக்க செனட் 1993-லேயே விசாரணை நடத்தியிருக்கிறது. எந்த வயதுக்கு எந்த விளையாட்டு என்று தரம் பிரிக்கும் முறை 1994-ல் வந்தது. 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரும் 'டூம்' என்ற சுடுகிற விளையாட்டு ஆடியவர்கள் என்றதும், பழி முழுக்க அதன் மேல் விழுந்தது. டூம் ஆடிய மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகள் அன்று என்ன செய்தார்கள்? சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

வன்முறை விளையாட்டைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற கலிபோர்னியா சட்டத்தை 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தள்ளிவிட்டது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா, குழந்தைக் கதைகளிலேயே சூனியக்காரியை அடுப்பில் தள்ளுகிறார்களே என்று கேட்கிறார். நம் ஊரில் சூரன் தலையைக் கொய்வதைப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்தல்லவா காட்டுகிறோம். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டித் தூக்குவதை ஆத்தா இமைக்காமல் பார்ப்பார்கள்.

ஆனால் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றைப் படித்துவிட்டுத்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்ச் சாஸ் ஊற்றிக் கொடுக்கிறோமோ, அவ்வளவு ஆக்ரோஷம் நமக்கு இருக்கிறதாம். ஆத்தாவின் கோழிக் குழம்பைச் சென்னை மாப்பிள்ளைகள் சாப்பிட்டுக் கண் கலங்கியதை அந்த ஆய்வாளர்கள் பார்த்திருந்தால் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கும்.

சரி, சிரிப்பு போதும். எதிர்ப்பக்கத்திலும் விசயம் இருக்கிறது. 2018-ல் 24 ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, சேர்த்துப் பார்த்ததில் வன்முறை விளையாட்டுக்கும் பின்னாளைய அடிதடிக்கும் தொடர்பு தெரிகிறது. சின்னத் தொடர்பு, ஆனால் இருக்கிறது. அடுத்த வருசமே ஆக்ஸ்போர்டுக்காரர்கள் பதினான்கு, பதினைந்து வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆயிரம் பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே கேட்டுவிட்டு, தொடர்பே தெரியவில்லை என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: கத்துவது, தள்ளிவிடுவது இதற்கெல்லாம் சிறு தொடர்பு உண்டு. நிஜ வன்முறைக்கு விளையாட்டுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது.

ஜூன் 17, செவ்வாய்

"அத்தை, ஆடாமலே பேசப் போறீங்களா?" என்றான் சொக்கு. நியாயம்தான். ஆடினேன். பாராசூட்டில் இறங்கி ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன், கதவுக்குப் பின்னாலிருந்து எவனோ சுட்டுவிட்டான். இரண்டாவது முறை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போதே போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது முறை, "சனியனே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆத்தா மறுபடியும் முறத்தோடு வந்து நின்றார்கள். கத்துவது என்ற அந்தச் சிறு தொடர்பு நிரூபணம்.

விளையாட்டில் குறை இல்லையென்று சொல்லவில்லை. இரவு பன்னிரண்டரைக்கும் போர்வைக்குள் வெளிச்சம். போன மாதம் விளையாட்டுக்குள் 'டைமண்டு' வாங்க என் பர்ஸிலிருந்து இருநூறு ரூபாய் போனது. இதற்கெல்லாம் திட்டியிருக்கிறேன், திட்டுவேன்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டம். படித்ததையெல்லாம் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. "இந்தப் போனைக் கண்டுபிடிச்சவனை..." என்று ஒரு அப்பா ஆரம்பித்ததும் கூடமே சிரித்தது. தையல் போட்ட பையனின் அப்பாவும் சட்டை கிழிந்தவனின் அப்பாவும் தலையாட்டியது ஒரே தாளத்தில்.

அப்புறம்தான் கயிற்றை எடுத்து மேசையில் வைத்தேன். 2023-ல் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்களே, அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது, மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று அதில் இருக்கிறது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போனைத் திட்டினால் கோபித்துக்கொள்ள ஊரில் யாரும் இல்லை. கயிற்றுக்கு மாமன் மச்சான் எல்லாரும் இருக்கிறார்கள்.

"டீ ஆறுது, எடுத்துக்குங்க" என்றார் தலைமையாசிரியர்.

ஜூன் 23, திங்கள்

அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார். இரண்டு வரி எழுதினேன். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. கையில் கயிறு கட்டி வரக் கூடாது. இரண்டாவது வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "இது வேணாம் டீச்சர், ஊர்ல பேச்சாயிடும்" என்றார். மிச்ச ஒரு வரி மதியமே சுவரில் ஏறிவிட்டது.

கடைசிப் பீரியடில் தையல் பிரித்த பையன் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான், இந்த வெயிலில். கரும்பலகையில் கணக்குப் போடக் கையைத் தூக்கும்போது சட்டைக்கை நழுவியது. புதுக் கயிறு.