பலத்துக்குப் பார்பெல், மூச்சுக்கு டயர்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் நான் பயிற்சி கொடுக்கும் உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றிலும் கார் பட்டறைகள்தான். பயிற்சிக்குப் புரட்டத் தேய்ந்த டயர் வேண்டுமென்றால் நாலு கடை தள்ளிப் போய்க் கேட்டால் போதும். அப்புறப்படுத்தும் செலவு மிச்சமென்று அவர்களே உருட்டிவந்து விட்டுப்போவார்கள். அப்படி வந்த இரண்டு டயர்கள் பின்பக்கம் கிடக்கின்றன: ஒன்று லாரியுடையது, மற்றது மண்வாரி இயந்திரத்தினுடையது. புதிதாகச் சேருகிற இளைஞர்களின் கண், வரிசையாக நிற்கும் பார்பெல்களைத் தாண்டி நேராக அந்தப் பெரிய டயரின் மேல்தான் போய் விழும்.

“அண்ணே, அதை எப்போது புரட்ட விடுவீர்கள்?”

நான் பிடிவாதமாகச் சின்ன டயரைத்தான் காட்டுவேன், அதுவும் பார்பெல் வேலை முடிந்த பிறகு. பார்பெல்லின் இரண்டு பக்கமும் ஒன்றேகால் கிலோ தட்டு ஏற்றினால் சுமை 2.5 கிலோ கூடும். போன வாரம் 100 கிலோ எடுத்தவன் இந்த வாரம் 102.5 எடுப்பான். பலம் இப்படிப் படிப்படியாகத்தான் ஏறும். டயரில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. அதன் எடை என்றைக்கும் அதேதான். அந்த எடையும் முழுதாக நம் கைக்கு வருவதில்லை. மறு விளிம்பு தரையில் ஊன்றியிருப்பதால், தூக்கத் தொடங்கும்போது ஏறக்குறையப் பாதிதான் நம்மேல் இறங்குகிறது. டயர் நிமிர நிமிர அதுவும் குறைந்துகொண்டே போகும். 200 கிலோ டயரைப் புரட்டியவர் 200 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தவர், அதாவது அத்தனை கிலோ பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தவர், ஆகிவிடமாட்டார்.

ஆனால் மூச்சு வாங்க வைப்பதில் டயருக்கு ஈடானவை குறைவு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஐந்து பேர் 232 கிலோ டயரை ஆறாறு முறையாக இரண்டு சுற்றுப் புரட்டினார்கள். அவர்களின் இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 180ஐ நெருங்கியது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: டயரை நாம் கீழே இறக்குவதில்லை, அது தானாக விழுந்துவிடுகிறது. மறுநாள் உடம்பை முறித்துப்போடும் வலி பெரும்பாலும் சுமையைத் தாங்கிக்கொண்டே மெல்ல இறக்குவதால் வருவது. டயரில் அந்தப் பாதி வேலையே இல்லாததால், மூச்சுக்குக் கடும் பயிற்சி கொடுத்தும் பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் அடுத்த ஸ்குவாட் நாளைப் பெரிதாகக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள முடிகிறது.

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். டயரைப் பார்த்ததுமே, “எங்கள் ஊர் இளவட்டக்கல் மாதிரி இருக்கிறதே அண்ணே” என்றார். இளவட்டக்கல்லை ஊர் பார்க்க ஒரு தடவை தூக்கித் தோளுக்கு மேல் போட்டால் பேர் வாங்கிவிடலாம். டயரை அந்த மனத்தோடு அணுகுவதுதான் ஆபத்து. முதல் தடவை அவர் குனிந்து, முழங்கையை மடக்கி, டயரைத் தன் நெஞ்சை நோக்கி இழுத்தார். மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் தசைநாண் அறுந்துபோவது இந்த இடத்தில்தான். உடனே நிறுத்தச் சொன்னேன்.

“தம்பி, கை பிடிப்பதற்கு மட்டும்தான். நீட்டியே வையுங்கள். கால்களைப் பின்னால் தள்ளி வைத்து, மார்பையும் தோளையும் டயரில் அழுத்தி, முன்னே சாய்ந்து தள்ளுங்கள். மேலே தூக்க வேண்டாம்.”

அடுத்த முறை டயர் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் முழங்காலால் ஓர் உந்து கொடுத்தார். கணத்தில் பிடியை மாற்றி உள்ளங்கைகளால் தள்ளினார். புழுதி கிளம்ப டயர் அந்தப் பக்கம் விழுந்தது. பிடி மாறும் அந்த ஒரு நொடியில் தயங்கினால் டயர் திரும்பி நம் பக்கமே சாயும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் பழக்குகிறேன்.

டெட்லிஃப்ட் நாளின் கடைசியில், வாரம் ஒருமுறை போதும். முப்பது விநாடி புரட்டல், ஒன்றரை நிமிடம் ஓய்வு, ஐந்தாறு சுற்று. டெட்லிஃப்டும் டயரும் ஒரே முதுகைத்தான் உழைக்கவைக்கின்றன. இரண்டையும் வெவ்வேறு நாளில் வைத்தால் முதுகுக்கு ஓய்வே கிடைக்காது. கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்கான உடற்தகுதித் தேர்வை நெருங்குகிற பையன்களுக்கு டயரையே நிறுத்திவிடுகிறேன். அதில் வரும் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஓடித்தான் பழக வேண்டும்.

சிங்கப்பூரில் டயர் வைத்திருப்பதென்றால் தேங்கும் நீரையும் கவனித்தாக வேண்டும். மழை பெய்த மறுநாள் டயரின் உள்வளைவில் தண்ணீர் நிற்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். டெங்கி பரவும் ஊரில் கொசு பெருக விடுவது சட்டப்படி குற்றம். பக்கவாட்டில் துளைகள் போட்டு, கூரைக்கடியில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம்.

வெக்கையையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு தரவேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023இல் விதித்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் டயரை வெளியே எடுக்கிறேன். புதுக்கோட்டைத் தம்பி வாரம் முழுக்க அந்த வெக்கையில் இரும்பு சுமப்பவர். வந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பேன். களைப்பு தெரிந்தால் டெட்லிஃப்டை மட்டும் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம்.