லித்தியம் பேட்டரி வாங்கும் முன் உறைபனியைப் பற்றிக் கேளுங்கள்

நீலகிரியில் எமரால்டுக்கு மேலே, மாமாவின் தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்தில் ஒரு குளம் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் வரும். ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் எடுப்பது அதிலிருந்துதான். பம்பு தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் முனை, ஃபுட்வால்வ், நடுக்குளத்தில் மிதவையில் தொங்குவதால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது படகில் போய் அதில் சுற்றிய பாசியை எடுத்துவிட வேண்டும். இத்தனை வருடமாகத் துடுப்பு போட்ட மாமாவுக்குத் தோள்வலி வந்த பிறகு பேட்டரியில் ஓடுகிற, 55 பவுண்ட் உந்துவிசை உள்ள ட்ரோலிங் மோட்டார் ஒன்றை வாங்கிப் படகின் பின்னால் மாட்டினோம். சத்தம் இல்லை, புகை இல்லை, தண்ணீரில் எண்ணெய் சிந்துமோ என்ற பயமும் இல்லை. மோட்டாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். எங்களைப் படுத்தியது பேட்டரிதான்.

முதலில் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற மாதிரி ஒரு 100 ஏஹெச் டியூபுலர் ஈய பேட்டரி. ஏஹெச் என்றால் ஆம்பியர் மணி, எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்கிற கணக்கு. தூக்கவே இரண்டு பேர் வேண்டும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும், அதனால் 100 என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது 50தான். இந்த மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், அந்த வேகத்தில் உறிஞ்சும்போது அந்த 50கூட முழுசாகக் கிடைக்காது. கரைக்குத் திரும்பும்போது மோட்டார் சோர்ந்துபோய், எதிர்க்காற்று அடித்தால் மறுபடி துடுப்புதான்.

சரி, லித்தியம் வாங்கலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். "எவ்ளோ வெயிலுன்னாலும் தாங்கும்ங்கண்ணா" என்று இரண்டு தடவை சொன்னார். குளிரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சமவெளியில் பேட்டரிக்கு எதிரி வெயில்தானே. 100 ஏஹெச் ஒன்றை வாங்கி வந்ததும் ஐந்து ஆம்பியர் இழுக்கிற அளவுக்கு 12 வோல்ட் பல்புகளை மாட்டிச் சோதித்தேன், பத்தொன்பதரை மணி நேரம் எரிந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒரே ஒரு பனிக்காலம் போனது. மார்ச்சில் அதே பல்புகள், அதே பேட்டரி, பதின்மூன்று மணி நேரத்தில் அணைந்தது. 65 ஏஹெச்தான் மிச்சம். கடையில் கேட்டால் "நீங்க யூஸ் பண்ணின விதம் சரியில்லை" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் எந்த விதம் சரி என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். மாமா விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, குளக்கரை ஷெட்டில் இருந்த பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுவிட்டு டீ குடிக்க வருவார். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்குப் பள்ளத்தில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி முழுக்கச் சரிவில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். மேட்டில் இருக்கிற வீட்டுக்கும் குளத்துக்கும் நாற்பது படிகள்தான் வித்தியாசம், ஆனால் வீட்டு வாசலில் 3 டிகிரி காட்டுகிற அன்று குளக்கரையில் மைனஸ் 2 காட்டியதை நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தோட்டத்திலேயே குளிர் அதிகமான இடத்தில், நாளிலேயே குளிர் அதிகமான நேரத்தில் சார்ஜ் போட்டிருக்கிறோம்.

லித்தியம் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே கரண்ட் கொடுக்கும், மைனஸ் 20 வரைகூடக் கொடுக்கும் என்று போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குளிரில் அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரிக்குள் இருக்கிற கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள்ளே போய் உட்கார வேண்டும். குளிரில் அவை உள்ளே நுழைவது மந்தமாகிவிடும், உள்ளே போக முடியாதவை வெளியே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும், படிவு ஊசி மாதிரி வளர்ந்தால் உள்ளுக்குள்ளே ஷார்ட் ஆகவும் வழியிருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால் வெளியே ஒன்றுமே தெரியாது. மோட்டார் வழக்கம்போல ஓடும், சார்ஜரில் பச்சை விளக்கு எரியும்.

அதனால் நீலகிரியில் இருக்கிறவர்கள், ஊட்டி, தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் இருக்கிறவர்கள், எத்தனை ஏஹெச் என்று கேட்பதற்கு முன்னால் குளிரில் சார்ஜைத் தானாக நிறுத்துமா என்று கேளுங்கள். விவரத்தாளில் 'சார்ஜ் வெப்பநிலை 0 முதல் 45' என்று போட்டிருந்தால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய எல்லை, அவ்வளவுதான். பேட்டரியைப் பாதுகாக்க அதற்குள் வைக்கிற பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகையே செல்லின் சூட்டைப் பார்த்து கரண்டை வெட்டுமா என்பதுதான் கேள்வி. எங்கள் முதல் லித்தியம் பேட்டரியில் அது இல்லை.

இரண்டாவது லித்தியம் பேட்டரி வந்ததும் ஒரு ஜனவரி ராத்திரி அதைத் திறந்த படகிலேயே விட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குப் போனால் மூடியின் மேல் உப்பு தூவினது மாதிரி பனி. செல்பேசி ஆப்பில் செல் மைனஸ் 1 காட்டியது. கரண்டை அளக்கிற டிசி கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, விரலைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு சார்ஜரைப் போட்டேன். மீட்டரில் பூஜ்யம். கரண்ட் காட்டியிருந்தால் அடுத்த நொடியே அணைத்திருப்பேன். அப்புறம் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தேன். பன்னிரண்டு கிலோவும் உள்ளே வரைக்கும் குளிர்ந்துபோயிருந்ததால் 5 டிகிரிக்கு வர மதியம் ஆகிவிட்டது, அதற்குப் பிறகுதான் கரண்ட் ஏறியது. தானே சூடேற்றிக்கொள்கிற பேட்டரிகளும் வருகின்றன. வீட்டுக்குத் தூக்கி வர முடியாதவர்களுக்கு அது நல்லது, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வகை, லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான். ஸ்கூட்டரிலும் லேப்டாப்பிலும் அதிகம் வருகிற நிக்கல், கோபால்ட் வகைகளைவிட இது எளிதில் தீப்பற்றாது, நான்கு செல் சேர்ந்தால் 12.8 வோல்ட், 12 வோல்ட் மோட்டாருக்கு அளவெடுத்த மாதிரி. இந்த வகையை முன்வைத்த 1997ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையில் பேட்டரி விஞ்ஞானி குட்எனஃப் பெயரோடு ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி என்று இரண்டு இந்தியப் பெயர்களும் இருக்கின்றன, அதைப் படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கடையில் எடை போட்டுப் பாருங்கள். 100 ஏஹெச் செல் ஒன்றே இரண்டு கிலோ பக்கம் வரும், நான்கு சேர்ந்து எட்டு, பெட்டியும் பலகையும் சேர்த்தால் பத்துக்கு மேல். ஆறு கிலோ பெட்டியில் 100 என்று ஸ்டிக்கர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பி.எம்.எஸ். தொடர்ந்து 100 ஆம்பியர் தரவேண்டும். 50 ஆம்பியர் பலகை போட்டு விலை குறைத்து விற்கிறார்கள், இறக்கையில் பாசி சுற்றிக்கொண்டால் மோட்டார் இன்னும் அதிகமாக இழுக்கும், நடுக்குளத்தில் பட்டென்று நின்றுவிடும்.

எவ்வளவு ஏஹெச் வேண்டும் என்பதை கிளாம்ப் மீட்டர் வைத்தே முடிவு செய்தேன். மூன்றாவது ஸ்பீடில் 22 ஆம்பியர். ஒன்றரை மணி நேரத்துக்கு 33, அதோடு எதிர்க்காற்றில் கால் மணி நேரம் முழு வேகம் என்றால் பன்னிரண்டரை. நாற்பத்தாறு ஆகிறது, 100 தாராளம். இந்த மாதிரி படிப்படியாக ஸ்பீடு மாற்றுகிற மோட்டார் குறைந்த வேகத்தில் கொஞ்சம் கரண்டைச் சூடாகவே வீணடிக்கும், அதையும் சேர்த்துதான் இந்தக் கணக்கு.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியைப் படகின் முன்பக்கம் வைத்தால் போகவர ஆறு மீட்டர் வயர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் 50 ஆம்பியரில் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும், தொட்டால் சூடு தெரியும். 16 போட்டால் 0.35தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் டிசி பிரேக்கர் கட்டாயம், வீட்டு எம்.சி.பி.யை இங்கே மாட்டாதீர்கள், டிசி பொறியை அதனால் சரியாக அணைக்க முடியாது.

சார்ஜரும் 14.4 அல்லது 14.6 வோல்ட்டில் நிற்கிற லித்தியம் சார்ஜராக இருக்கட்டும். வோல்ட் மீட்டரை நம்பி நடுக்குளத்துக்குப் போகாதீர்கள், 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்தான் காட்டும். போகிற வருகிற கரண்டை எண்ணுகிற ஷண்ட் மீட்டர் ஒன்று போட்டோம்.

இப்போது மதியம் வேலை முடிந்து படகைக் கட்டியதும் பேட்டரியைக் கழற்றிவிடுகிறோம். ஓடி முடித்த பேட்டரி அந்த நேரத்தில் சூடாகத்தான் இருக்கும், வீட்டில் உடனே போட்டால் அந்தியிலேயே ஏறிவிடும். பத்து டிகிரிக்குக் கீழே இருக்கிற நாட்களில் 10 ஆம்பியருக்கு மேல் ஏற்றுவதில்லை. "கொடுடா, நானே எடுத்துட்டுப் போறேன்" என்று மாமா வலிக்காத தோளில் வைத்துக்கொண்டு நாற்பது படியும் ஏறிவிடுகிறார். பழைய டியூபுலரை அவர் ஒரு நாளும் தனியாகத் தூக்கியதில்லை.