நோட்டின் வால்

இன்று ரெக்கார்டிங்கில் என் பேஸ் கிட்டாருக்குப் பதினோராவது டேக்.

"நோட்டெல்லாம் சரிதான். கொஞ்சம் நீளமா இருக்கு," என்றார் ஒலிப்பதிவாளர்.

நீளமா? தடித்த கம்பியில் மூன்றாவது கட்டம் (ஃப்ரெட்), ஒரே ஒரு ஜி ஸ்வரம். அதில் என்ன நீளம், அகலம்?

ஹெட்போனில் கேட்டேன். டிரம்ஸில் ஸ்னேர் அடி விழும்போதும் என் நோட்டின் வால் இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த டேக்கில், ஸ்னேர் விழும் அந்த நொடியில் இடது விரலின் அழுத்தத்தை மட்டும் விட்டேன். விரல் கம்பியைத் தொட்டபடியே இருந்தது.

அவ்வளவுதான். பாட்டு நடக்க ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பிகளை லேசில் மாற்றமாட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறேன். பழைய கம்பியில் நோட்டு சீக்கிரம் அடங்கிவிடும் என்பது இன்றுதான் உறைத்தது. அதையும் வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்த மனுஷன்!

ராத்திரி தம்பிக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். அந்த ஜி 49 ஹெர்ட்ஸ்; குட்டி ஸ்பீக்கருக்கு எட்டாது. 98, 147 என மேலே இருக்கும் அதிர்வுகள்தான் வரும். அடியில் விட்டுப்போன அந்த 49-ஐக் காது தானாக நிரப்பிக்கொள்ளும்.

"அண்ணா, இதுல நீ எங்க இருக்க?"

"ஸ்னேருக்குக் கொஞ்சம் முன்னாடி."