வீட்டில் வாயாடி, அங்கன்வாடியில் மௌனம்: எங்கள் அனுபவம்

ஏற்காடு அண்ணா பூங்கா பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. காபித்தூள், மிளகு, மசாலா விற்கிறோம். கடையில் ஆள் இல்லாத நேரம் என் மகள் வாயை மூடமாட்டாள். பூனையோடு சண்டை போடுவாள், எடைக்கல்லுக்குப் பெயர் வைப்பாள். டூரிஸ்ட் யாராவது உள்ளே வந்து "பேர் என்ன பாப்பா?" என்று கேட்டால் போதும், கழுத்து விறைத்து, பார்வை தரையில் போய் நின்றுவிடும். வெட்கம் என்றுதான் நினைத்தோம். மூன்றரை வயதில் அங்கன்வாடிக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் போய் வந்தும் அங்கே அவள் குரலை யாரும் கேட்கவில்லை. ஒன்றுக்கு வருகிறது என்றுகூடச் சொல்ல முடியாமல் பாவாடையிலேயே போய்விடுகிறாள் என்று ஆயாம்மா சொன்ன பிறகுதான், இது வெட்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்று எங்களுக்கு உறைத்தது.

போன மாதம் கடைக்கு வந்த ஒரு அம்மா, தன் பையனைப் பற்றி அச்சு அசல் இதையே சொன்னார். அவரிடம் பேசியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாக்கில் வசம்பு தேய்க்கலாம் என்றார் மாமியார். வேறு தனியார் பள்ளியில் போடு என்றான் கொழுந்தன். சேலத்தில் ஒரு தனியார் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போனோம். அங்கே சாக்லேட்டைக் கண் முன்னால் நீட்டி, "சொன்னாத்தான் தருவேன்" என்று உட்காரவைத்தார்கள். அவள் சாக்லேட்டையும் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை. அடுத்த முறை அந்தத் தெருவைப் பார்த்ததுமே ஆட்டோவை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதாள். காசு போனதுகூடப் பரவாயில்லை. பேசுவது என்றாலே பரீட்சை என்று அவள் மனதில் பதிந்துவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

வழி திறந்தது அங்கன்வாடியில்தான். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அரசே பரிசோதனை செய்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வரும். எடை, ரத்தசோகை, சொத்தைப் பல்லோடு நிற்காமல் வளர்ச்சியில் தாமதம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எங்கள் மையத்துக்கு வந்த டாக்டர் பெயர் கேட்டார். இவள் சுவரைப் பார்த்தாள். அவர் அட்டையில் 'பேச்சுத் தாமதம்' என்று எழுதப் போனார். பக்கத்தில் நின்ற டீச்சர் விடவில்லை. "சார், வீட்ல நல்லாப் பேசுதுங்க. அவங்கம்மா போன்ல வீடியோ இருக்கு. இங்க மட்டும்தான் பேசறதில்ல." டாக்டர் நல்ல மனிதர், அந்த வரியையும் அப்படியே எழுதிக்கொண்டார். பின்னால் எங்களுக்கு அதிகம் உதவியது அந்த ஒரு வரிதான்.

அங்கிருந்து சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவும் இடத்துக்கு, எழுதிக் கொடுத்தார்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வாந்தி எடுத்து, வாடிய முகத்தோடு வரும் குழந்தையை யார் சோதித்தாலும் சரியாகத் தெரியாது. நாங்கள் முந்தின நாள் மாலையே இறங்கி அஸ்தம்பட்டியில் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டோம். திங்கள்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. கலெக்டர் ஆபீஸில் அன்றைக்குக் குறைதீர் கூட்டம், அந்தப் பக்கம் முழுக்க ஜனம்.

மையத்தில் பரிசோதனைக்குக் காசு கிடையாது. குழந்தை டாக்டர் முதலில் பார்த்தார், பிறகு காது பரிசோதனை. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, காது கேளாமல் பேசாத குழந்தைகளும் உண்டு. இவளுக்குக் காது நன்றாக இருந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் வீடியோவைக் காட்டினேன். அதில் இவள் பூனைக்கு மிளகு விற்கிறாள்: "நூறு கிராம் நூறு ரூவா. கொறைக்க முடியாதுங்க, மலை மிளகு!" அவர் சிரித்துவிட்டு மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். வயதுக்கேற்ற வாக்கியம் வருகிறது, பேச்சில் குறை இல்லை என்றார்.

கடைசியில் மனநல ஆலோசகர். அவர் இவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து தன்பாட்டுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டே என்னிடம் பேசினார். இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். பிடிவாதம் இல்லை, வளர்ப்புக் குறை இல்லை, பதற்றத்தின் ஒரு வகை. சில இடங்களில் பேச வேண்டும் என்று நினைத்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தில் பல குழந்தைகள் அமைதியாகத்தான் இருப்பார்கள், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும் என்றார்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் என் கையில் நான்கு அறையிலிருந்து நான்கு சீட்டு. ஒன்றில் 'பேச ஊக்குவிக்கவும்', இன்னொன்றில் 'பேச வற்புறுத்த வேண்டாம்'. இதை மலை ஏறிப் போய் டீச்சருக்கு நான் எப்படி விளக்குவது? அதைச் சொன்னதும் ஆலோசகர், "டீச்சர் நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டு அங்கேயே போன் போட்டார். பேச்சுப் பயிற்சியாளரையும் அறைக்குள் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

எங்கள் விஷயம் திரும்பியது அந்தப் போனில்தான். கை கழுவும் குழாய் பக்கம் ஒரு சிநேகிதி காதில் மட்டும் இவள் குசுகுசுக்கிறாள், பாட்டு வந்தால் கை அசைவு அத்தனையும் செய்கிறாள், வட்டமாக உட்கார்ந்து முறை இவளிடம் வரும்போதுதான் உறைந்து போகிறாள் என்று டீச்சர் வரிசையாகச் சொன்னார். இதில் ஒன்றையும் மருத்துவமனை அறையில் கண்டுபிடிக்க முடியாது. படித்த நிபுணர்களைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தினமும் குழந்தையைப் பார்க்கிறவர் அங்கன்வாடி டீச்சர். அவரை 'தகவல் சொல்ல வேண்டிய ஆள்' என்று மட்டும் நடத்தினால் பாதிக் கதை தெரியாமலே போகும்.

மூன்று பேரும் பேசி முடித்ததை ஆலோசகர் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதினார். மற்றக் குழந்தைகள் வருவதற்கு முன்னால் நானும் மகளும் அங்கன்வாடியில் உட்கார்ந்து விளையாட வேண்டும். அவள் என்னோடு பேச ஆரம்பித்த பிறகு டீச்சர் வாசலில் ஏதோ வேலையாக நிற்பார். அது பழகிய பிறகு அறைக்குள், அப்புறம் பாய்க்குப் பக்கத்தில். டீச்சரோடு அவள் பேச ஆரம்பித்ததும் நான் மெல்ல மெல்ல விலக வேண்டும். "பேர் என்ன?" மாதிரி நேர்க் கேள்வி வேண்டாம். "நீலக் கட்டையா, சிவப்பா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். விரலால் காட்டினாலும் அது பதில்தான். அவளுக்குப் பதிலாக நாம் பேசக் கூடாது. பேசிவிட்டால் கைதட்டக் கூடாது, சாதாரணமாக அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஒன்றுக்கு வந்தால் காட்ட ஒரு சிவப்பு அட்டை. வீட்டிலும் கடையிலும் அந்தப் பக்கத்தில் எழுதியபடியேதான். மாமியாருக்கு நான் சொன்னால் ஏறாது என்று, கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தபோது அவரையே படித்துக் காட்டச் சொன்னேன். வசம்பு அன்றோடு பரணுக்குப் போனது.

முதலில் பேசியது டீச்சரிடம் இல்லை, ஆயாம்மாவிடம். முட்டை போடும் நாள். தட்டை நீட்டிக்கொண்டு, "ஆயாம்மா, மஞ்சக்கரு வேணாம்" என்றிருக்கிறாள். ஆயாம்மாவும் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கக் கேட்டிருந்தவர். முகம் மாறாமல் மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, "சரி கண்ணு" என்று அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு எனக்குப் போன் பண்ணிக் கத்தினார் பாருங்கள், கடையில் நின்ற வாடிக்கையாளர் பயந்துவிட்டார்.

பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். மே மாத விடுமுறை, கூடவே கோடை விழாக் கூட்டம், கடை வாசலில் நாள் முழுக்க அந்நிய முகங்கள். அங்கன்வாடி திறந்ததும் பழையபடி மௌனம். விடுமுறைக்குப் பிறகு இப்படி ஆகலாம், இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏறுங்கள் என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதியிருந்ததால் யாரும் பதறவில்லை. இந்த முறை சீக்கிரமே பேச்சு வந்தது.

ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் இன்னொரு வேலை. அங்கன்வாடி டீச்சரும் நானும் பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தோம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் வந்திருந்தார். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி மதிப்பிடுவார்களே, இவள் படிக்காவிட்டால் என்ன செய்வது என்பது ஆசிரியையின் நியாயமான கவலை. வீட்டில் படிப்பதைப் போனில் பதிவு செய்து தருகிறேன் என்றேன். வகுப்பில் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று சிறப்பாசிரியர் சொன்னார். பழைய பக்கத்தில் 'ஆயாம்மா' என்று இருந்த இடத்தில் 'பெஞ்சுத் தோழி' என்று மாற்றி எழுதினோம்.

சேலம் வரை உடனே போக முடியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், காசு இல்லை. எந்த வழியில் போனாலும் குழந்தை பேசும் வீடியோவை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தரும் ஆலோசனையில் டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். டீச்சரோடு போனில் பேசச் சொல்லி ஆலோசகரிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது வருகைப் பதிவுக்குக் கை தூக்குகிறாள். தோழியிடம் சத்தமாகவே பேசுகிறாள், ஆசிரியையிடம் ஒன்றிரண்டு சொல். தலைமை ஆசிரியர் அறைக்குள் இன்னும் மௌனம்தான். பொங்கல் லீவு முடிந்ததும் அடுத்து என்ன செய்வது என்று பேச ஆலோசகர் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.