இந்தக் கேமராவுக்கு இது போதும்

மெமரி கார்டு விற்கும் கவுன்டரில் நான் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்து, என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டு, அதற்கப்புறம்தான் சொல்வேன். பெரும்பாலானவர்கள் காசு மிச்சம் என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அந்தப் பையனிடமும் அதைத்தான் சொன்னேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் கணக்குப்படி அதே பதில்தான். அப்படியிருந்தும் அது ஏன் இன்னும் நெருடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேமரா, கேனான் 200டி மார்க் 2. செகண்ட் ஹேண்ட், ஆனால் சுத்தமாக வைத்திருந்தான். திண்டிவனம் பக்கத்திலிருந்து அம்மாவும் மகனுமாகக் காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்தான் முதல் ஆர்டர். பையன் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினான்: 64 ஜிபி, யூஎச்எஸ்-2, வி90. பின்னால் உள்ள இரண்டும் கார்டின் வேகத்தைச் சொல்லும் குறிகள், எண் கூடினால் வேகமும் கூடும். கல்யாணம் எடுப்பவர்கள் இதற்குக் கீழே போகவே கூடாது என்று யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்களாம்.

கடையில் அந்த கார்டு இருந்தது. கண்ணாடிக்குள், அவன் கண் எதிரிலேயே இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சரக்கு இல்லாத கடைக்காரன்தான் "இதுவே போதும்" என்பான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இங்கே இடமில்லை.

அந்த கேமராவில் கார்டு போடும் ஸ்லாட் ஒன்றே ஒன்று, அதுவும் யூஎச்எஸ்-1. அந்த வகையின் உச்ச வேகமே நொடிக்கு 104 மெகாபைட். யூஎச்எஸ்-2 கார்டைப் போட்டால் கெட்டுப்போகாது, படமும் பதியும். ஆனால் கார்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டாவது வரிசைப் பின்கள் எதையும் தொடாமல் சும்மா கிடக்கும். வீடியோவுக்காவது ஆகுமா என்றால் அதுவும் இல்லை. அந்த கேமரா 4கே எடுக்கும்போது நொடிக்குச் சுமார் 120 மெகாபிட் எழுதுகிறது. எட்டால் வகுத்தால் 15 மெகாபைட். வி30 என்று போட்ட கார்டு, நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காமல் எழுதியாக வேண்டும். தேவைக்கு இரண்டு மடங்கு. பிட்டுக்கும் பைட்டுக்கும் நடுவிலுள்ள இந்த எட்டு மடங்கில்தான் எங்கள் தொழிலின் பாதிக் குழப்பமும், உண்மையைச் சொன்னால் பாதி வியாபாரமும் நடக்கிறது.

மாதிரிக்கு டிராயரில் வைத்திருக்கும் பழைய கார்டுகள் இரண்டை எடுத்துத் திருப்பிப் போட்டு, ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று நகத்தால் காட்டினேன். பையன் உடனே கேமராவின் கார்டு மூடியைத் திறந்து, போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இருட்டுக்குள் ஏதோ மினுக்கும், அவ்வளவுதான். தெரியாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்று விட்டேன்.

அப்போதுதான் அம்மா கேட்டார். "எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க தம்பி. காசைப் பத்தி ஒண்ணுமில்ல."

காசைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொல்லும் குரல் எங்களுக்குத் தெரியும். காசு மட்டும்தான் அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த கார்டு, நான் காட்டியதைப் போல் பல மடங்கு விலை. நான் அம்மாவைப் பார்த்து, "இந்தக் கேமராவுக்கு இது போதும்மா. அதைப் போட்டா சந்துக்குள்ள வோல்வோ பஸ் ஓட்டுற மாதிரி" என்றேன்.

இது நான் எல்லோரிடமும் சொல்கிற வசனம்தான். கேட்டவர்கள் சிரிப்பார்கள், விஷயமும் மண்டையில் ஏறிவிடும். அம்மாவும் சிரித்தார், கொஞ்சம் நிம்மதியாகவே சிரித்தார். பையன் மூடியைப் படக்கென்று மூடிவிட்டு, "அடுத்த வருஷம் கேமரா மாத்திருவேண்ணா" என்றான்.

"மாத்தும்போது வாங்கிக்கலாம் தம்பி."

இவ்வளவுதான் நடந்தது. சத்தமில்லை, சண்டையில்லை. வி30 கார்டு, 64 ஜிபி, இரண்டு கொடுத்தேன். அம்மா பணம் கொடுத்தார். பையன் பில்லைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

"மாத்தும்போது வாங்கிக்கலாம்" என்பதில் என்ன தப்பு என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த கேமரா எதுவென்று தெரியாமல் அதற்கு இன்றைக்கே கார்டு வாங்கி வைப்பது புத்திசாலித்தனமில்லை. சோனி ஏ7 மார்க் 3 வாங்கினால் முதல் ஸ்லாட் யூஎச்எஸ்-2, அவன் கேட்ட கார்டுக்கு வேலை உண்டு. ஆனால் இரண்டாவது ஸ்லாட் பழையபடி யூஎச்எஸ்-1தான். நிக்கான் இசட்6 முதல் மாடலுக்குப் போனால் நாம் பேசும் இந்த எஸ்டி வகைக் கார்டே நுழையாது, அதற்கு எக்ஸ்க்யூடி என்ற வேறு வகைக் கார்டு வேண்டும். 2018இல் அது ஒரே ஸ்லாட்டோடு வந்தபோது கல்யாண போட்டோகிராபர்கள் பாதிப் பேர் அதைத் தொடவே யோசித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த மார்க் 2இல்தான் கூட ஒரு எஸ்டி ஸ்லாட் வைத்தார்கள். ஆகவே என் பதில் சரி. அதை நான் சொன்ன விதத்தில், அந்த அடுத்த வருஷம் வராது என்கிற தொனி இருந்ததா என்பதுதான் கேள்வி.

பக்கத்து கவுன்டரில் இருக்கும் நண்பனிடம் அன்றைக்கே கேட்டேன். "நீ எப்பவும் சொல்றதுதானே, புதுசா என்ன?" என்றான். அது ஆறுதலாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. எப்போதும் சொல்வதுதான் என்றால், அந்தப் பையனைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? அவன் கஷ்டப்பட்டு வாங்கிக்கொண்டு வந்த கேமராவை அவன் அம்மா எதிரிலேயே சந்து என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஸ்லாட்டைத்தான் சொன்னேன், கேமராவை இல்லை. ஆனால் அந்த வயதில் இரண்டும் வேறு வேறாகவா கேட்கும்?

கவுன்டருக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிற வேலை பார்த்தேன். அங்கே கார்டு என்பது வெறும் கார்டு இல்லை. மண்டபத்தில் வேறு டீம் ஆட்களும் இருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், பெண் வீட்டுக்கு ஒருவர். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் கார்டு மாற்றும்போது அடுத்தவன் கையில் இருப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். "என்ன கார்டுப்பா போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு "ஓ" என்பார்கள். அந்த "ஓ" ஒன்றுக்காகவே காசை இறைத்தவர்களைத் தெரியும். கேமரா சின்னதாக இருப்பவனுக்கு இது இன்னும் அதிகம். லென்ஸ் வாங்க முடியாது, பாடி மாற்ற முடியாது. கைக்கு எட்டும் விலையில் இருக்கிற ஒரே பெரிய இடத்துப் பொருள் கார்டுதான். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும், 15 மெகாபைட் கணக்கைத்தான் அவனிடம் போட்டேன்.

ஆனால் அதையும் யோசித்துப் பாருங்கள். அடுத்தவன் "ஓ" என்பதற்காக அந்த அம்மா ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் வாயை மூடிக்கொண்டு பில் போட்டிருந்தால், அதற்குப் பெயர் மரியாதையா?

இன்னொன்றும் இருக்கிறது. அது கொஞ்சம் லேட்டாகத்தான் தோன்றியது. யூஎச்எஸ்-2 கார்டுக்கு அந்த கேமராவுக்குள் வேலையில்லை என்பது உண்மை. கேமராவுக்கு வெளியே வேலை உண்டு. ராத்திரி ரிசப்ஷன் முடித்து வீட்டுக்கு வந்து படங்களை லேப்டாப்பில் காப்பி பண்ணும்போது, யூஎச்எஸ்-2 கார்டு ரீடரில் போட்டால் அந்த இரண்டாவது வரிசை உயிர் பெற்றுவிடும். அந்த வகையின் உச்சம் நொடிக்கு 312 மெகாபைட். நிறைந்த 64 ஜிபி கார்டு சாதாரண ரீடரில் கால் மணி நேரம் இழுக்கும், இதில் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். விடிகாலை முகூர்த்தத்துக்குக் கார்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டியவனுக்கு அது சின்ன விஷயமில்லை. இதை நான் சொல்லவில்லை. ரீடர் தனியாக வாங்க வேண்டும், லேப்டாப்பில் அதற்கேற்ற யூஎஸ்பி இருக்க வேண்டும், எல்லாம் சேர்த்தால் செலவு இன்னும் ஏறும் என்று ஒரு பதில் என்னிடம் தயாராக இருக்கிறது. பதில் சரிதான். ஆனால் அன்றைக்கு நான் இதையெல்லாம் யோசித்துவிட்டா சொல்லாமல் விட்டேன்? யோசிக்கவே இல்லை. லேப்டாப் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

இரண்டு கார்டாகக் கொடுத்ததைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. இல்லை, அதிலும் கொஞ்சம் உண்டு. ஒரே ஸ்லாட் உள்ள கேமராவில் பேக்கப் என்று எதுவும் கிடையாது. எழுதுவது ஒரே இடத்தில்தான். அதனால் முகூர்த்தம் ஒன்றில், ரிசப்ஷன் இன்னொன்றில் என்று பிரித்துக்கொண்டால், ஒன்று போனாலும் பாதிக் கல்யாணம் மிஞ்சும். இது எங்கள் கடையின் வேதவாக்கு. ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து நான் பார்த்த அளவில் கார்டு தானாகச் செத்தது குறைவு. சட்டைப் பையில் போட்டு மறந்தது, எடுத்த கார்டையே திரும்பப் போட்டு ஃபார்மேட் அடித்தது, கார்டின் ஓரத்திலுள்ள லாக் பட்டன் உடைந்து எழுத மாட்டேன் என்றது, இவைதான் அதிகம். கார்டு எண்ணிக்கை கூடினால் இந்த வகை வில்லங்கமும் கூடும். ஃபார்மேட் அடித்துவிட்டு வருபவர்களிடம் "அதில் இனி ஒரு படம்கூட எடுக்காதீங்க, மேலே எழுதாத வரைக்கும் பெரும்பாலும் மீட்டுடலாம்" என்று சொல்வேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் ஒரே பெரிய கார்டே நல்லது என்று தோன்றும். கார்டே செத்து வருபவரைப் பார்த்தால் இல்லை, பிரிப்பதுதான் சரி என்று தோன்றும். கம்பெனி வாரண்டியில் புதுக் கார்டு வரும், தாலி கட்டின படம் வராது.

அன்றைக்கு டீ குடிக்கப் போனபோது அவர்களை மறுபடி பார்த்தேன். ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கி முடித்தவர்கள் இன்னொரு கடை முன்னால் நிற்பது அதிசயமில்லை. கேபிள் வாங்கலாம், பேட்டரி வாங்கலாம். அம்மா வெளியே பையோடு நின்றுகொண்டிருந்தார், பையன் உள்ளே கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. போய்க் கேட்கவா முடியும்? அங்கேயும் வி90 கிடைக்கும். அவன் அதை வாங்கினானா, எதற்கு நின்றான் என்று தெரியாமலே டீ குடித்துவிட்டு வந்தேன்.

முதலாளியிடம் இதைச் சொன்னது வேண்டாத வேலை. "வேணும்னு கேட்டா கொடுத்துட்டுப் போயேன்யா. நாம கடை நடத்துறோமா, பள்ளிக்கூடம் நடத்துறோமா?" என்றார். அவருக்குப் போன வியாபாரம்தான் கணக்கு. எனக்கு அந்த வியாபாரம் போனதில் வருத்தமில்லை, அதை இழந்ததில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வம்தான் இப்போது இடிக்கிறது. நியாயமான கடைக்காரன் என்று அந்த அம்மாவிடம் பெயர் வாங்கிக்கொண்டேன். அதற்கான விலையைப் பையன் கொடுத்தான் என்று சில நேரம் தோன்றுகிறது. சில நேரம், ஒரு மெமரி கார்டுக்கு இவ்வளவு யோசனை நமக்கே அதிகம் என்றும் தோன்றுகிறது.

வசனத்தை மாற்றிப் பார்த்தேன். "இதுவும் ஓடும், அதுவும் ஓடும், வித்தியாசம் இது, நீங்க முடிவு பண்ணுங்க" என்று கொஞ்ச நாள் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. "எதுக்குங்க உங்ககிட்ட கேக்குறோம்?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். வோல்வோ பஸ்ஸை மட்டும் நிறுத்திவிட்டேன். அதுவும் சில சமயம் வாயில் வந்துவிடுகிறது.

போன வாரம் ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். விஸ்காம் படிக்கிற பெண், கையில் சோனி ஏ6400, அதுவும் ஒற்றை ஸ்லாட், யூஎச்எஸ்-1. இந்தத் தடவை பணம் வைத்திருந்தவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "எனக்குத் தெரியும் சார், வி30 போதும். அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள். அப்பா கண்ணாடிக்குள் கையைக் காட்டி, "பொண்ணு கேமராவுக்கு மட்டமானது போட வேணாம் தம்பி, அந்தப் பெருசையே கொடுங்க" என்றார். இந்த கேமராவில் அதன் வேகம் கிடைக்காது என்று இரண்டு முறை சொன்னேன். "கிடைக்காட்டிப் போகுது" என்றார். மகள் "ப்பா, அவர்தான் சொல்றார்ல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். படங்களைக் காப்பி பண்ணும்போதாவது வேகம் தெரியட்டும் என்று யூஎச்எஸ்-2 ரீடர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அதையும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டார். முதலாளிக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.