கண்ணகிக்கு வசனம் எழுதும்போது

வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்ததிலிருந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடும் வரை கிழக்கிலங்கையின் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் கண்ணகி கோயில்களில் கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை கேட்கும். அதைக் கேட்டு வளர்ந்த சனத்துக்கு முன்னால் கண்ணகி நாடகம் போடுவது லேசான வேலை இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதை எப்படிச் சொல்கிறோம் என்பது மட்டும்தான் வசனம் எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. 1942இல் ஜூபிட்டர் பட நிறுவனத்தின் 'கண்ணகி' படத்துக்கு வசனம் எழுதிய இளங்கோவனுக்கும் இதே நெருக்கடிதான்.

தணிகாசலம் என்ற இயற்பெயருடைய அவர் மணிக்கொடி இதழில் எழுதியவர். 1937இல் வந்த 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் படத்துக்காக ரோமியோ ஜூலியட்டின் காதலை இளங்கோவன் தமிழுக்குக் கொண்டுவந்தார். (அதற்குப் 11 ஆண்டுகள் முன்பே நமது காரைதீவு விபுலாநந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யில் சேக்ஸ்பியரைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்துவிட்டார். அதில் நமக்குப் பெருமைதான்.) வடமொழி கலந்த மேடைப் பேச்சு நிறைந்திருந்த காலத்தில் இளங்கோவன் எழுதியது செந்தமிழ், ஆனால் வாய்க்கு வசமான செந்தமிழ். கண்ணகியாக நடித்த கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு என்பதை நினைத்தால் அந்த வசத்தின் அருமை விளங்கும்.

அன்றைய பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். உலகப் போர்க் காலத்தில் படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அதாவது முழுக் கதையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில். வீணான ஒவ்வொரு அடைமொழிக்கும் பிலிம் செலவு.

மேடையில் நமக்குப் பிலிம் இல்லை, மூச்சு இருக்கிறது. கோபக் குரலில் ஒரே மூச்சில் ஆறேழு சொல்லுக்கு மேல் வராது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் சொல்லும் "தேரா மன்னா, செப்புவது உடையேன்" நாலே சொல். முதல் இரண்டிலும் நெடில் வாயைத் திறந்து குரலை உயர்த்துகிறது. 'செப்பு'வில் உதடு மூடி வெடிக்கிறது. இதையே "ஆராய்ந்து பாராத அரசனே, உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது" என்று நீட்டினால் நடுவில் மூச்சு அறும்.

இன்னொரு பிழை வாக்கிய முடிவில் நடக்கும். கோயில் வெளியில் ஒலிபெருக்கியின் எதிரொலி கடைசி அசைகளைத் தின்றுவிடும். "என் சிலம்பில் மாணிக்கப் பரல்கள்தான் இருக்கின்றன" என்று (பரல் என்பது சிலம்புக்குள் ஒலிக்கும் மணி) எழுதினால் கேட்பது 'இருக்கின்ற' மட்டும்தான். "என் சிலம்பின் பரல் மாணிக்கம்!" என்று பெயர்ச்சொல்லில் நிறுத்துங்கள். பாண்டியனுக்கு ஒரே சொல் போதும்: "முத்து!"

கண்ணகி உடைக்கும் சிலம்பைச் செய்யும்போது முழுதாக ஒட்டினால் மேடையில் உடையாது. இரண்டு பாதிகளையும் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய பசையால் பிடித்து, உள்ளே பதினைந்து இருபது சிவப்பு மணி போடுங்கள். பாய் விரித்த மேடையில் மணி ஓசைப்படாது, வெறும் பலகை வேண்டும். மணிகள் உருண்டு அடங்க இரண்டு மூன்று நொடி எடுக்கும். அது வரை பாண்டியனுக்கு வசனம் எழுத வேண்டாம்.